திரையில் ஓடும் எழுத்து எங்கள் ஊர்த் தமிழைப் பிடிக்குமா?

3 ஆகஸ்ட் 2024

வாசகர் ஒருவரின் கேள்வி: "பேசப்பேச எழுத்தாகக் காட்டும் செயலி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 74 வயது, இரண்டு காதும் மந்தம். கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். 'கொய்யாப்பழம் வாங்கிட்டு வரவா' என்று கேட்டால் 'கோயில் பழம்' என்று எழுதுகிறது. அம்மா சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஆங்கிலத்துக்குச் சரி, தமிழுக்கு ஆகாது என்பது என் முடிவு. இதை வைத்துக்கொண்டு தினமும் காலம் தள்ளுகிறவர் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள்."

3 ஆகஸ்ட் 2024, இரவு

மறுக்கிறேன். நான்கு வருடமாக இதை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளுகிறேன்.

எனக்கு 63 வயது. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் (ரப்பர்) வெட்டினார்கள். நான் செம்பனை ஆலைக்குப் போனேன், 26 வருடம், பாதிக்கு மேல் கொட்டை உடைக்கும் இடத்தில். தகரக் கூரையில் கருங்கல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். ஷிப்டு முடியும் வரை நிற்காது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கை சைகைதான். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் காதுக்குள் சில்வண்டு கத்தும், மறுநாள் காலைக்குள் அடங்கிவிடும். பிற்பாடு அது அடங்குவதை நிறுத்திக்கொண்டது.

முதலில் போனது மகளின் குரல். ஆண்களின் கனத்த குரல் கேட்கும், மகள் கூப்பிட்டால் கேட்காது. மகள் மேல் எனக்கு ஏதோ கோபம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் சொற்கள் போயின. சத்தம் காதில் விழும், பேச்சு புரியாது. சட்டை, கட்டை, பட்டை மூன்றுமே எனக்கு 'அட்டை' என்றுதான் கேட்கும். உயிர் ஒலி வந்து சேரும், அதன் முன்னால் நிற்கும் மெய் வழியிலேயே தொலைந்துவிடும்.

வாயசைவைப் பார்த்துச் சமாளித்தேன். அதிலும் பள்ளம் உண்டு. 'பாட்டி', 'மாட்டி' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'க' தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடும், உதட்டில் தெரியவே தெரியாது. இருந்தாலும் ஓட்டினேன். 2020 மார்ச் 18, கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு. அடுத்து முகக்கவசம். கடைக்காரர், மருந்து கொடுக்கிறவர், பூசாரி, எல்லார் வாயும் மூடிவிட்டது. அந்த வருடம்தான் மகள் என் கைப்பேசியில் இந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்தாள்.

கொய்யாப்பழத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்டபோது கைப்பேசி எங்கே இருந்தது? யார் கையில்?

4 ஆகஸ்ட் 2024

கைப்பேசி அம்மாவின் மடியில் இருந்ததாம், கேள்வி அனுப்பியவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாராம். நினைத்தேன்.

என் மனைவியை உட்காரவைத்து இன்று காலை கொய்யாப்பழச் சோதனை நடத்தினேன். கைப்பேசி மேசையில், அவள் ஒரு முழம் தள்ளி: ஐந்து முறையும் 'கொய்யாப்பழம்' சரியாக வந்தது. அவள் சமையலறையில், குழாய் திறந்திருக்க, விசிறி ஓட, முதுகைக் காட்டிக்கொண்டு: ஒரு முறை 'கோயில் போலாம்', ஒரு முறை ஒன்றுமே இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் குரலில் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை குறைந்துவிடும். கைப்பேசிக்குப் பக்கத்தில் ஓடும் விசிறியின் சத்தம் குறையாது. தமிழ் தெரியாததால் வந்த தப்பு என்று நாம் நினைப்பதில் பாதி, தூரத்தால் வந்தது.

எந்தச் செயலி என்று கேட்டவர்களுக்கு: கூகளின் லைவ் டிரான்ஸ்கிரைப், ஆண்ட்ராய்டு கைப்பேசியில். 2019 பிப்ரவரியில் வந்தது. அதை உருவாக்கியவர்களில் டிமித்ரி கனெவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் ஒருவர், சின்ன வயதிலேயே காது போனவர். தனக்கு வேண்டியதைத் தானே செய்திருக்கிறார். வாஷிங்டனில் காது கேளாதோருக்காகவே நடக்கும் கலாடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தார்கள். தொடக்கத்திலேயே 70க்கு மேற்பட்ட மொழிகள், தமிழும் உண்டு. காசு இல்லை. ஆனால் இணையம் வேண்டும், தமிழில் என் பேச்சு கூகள் கணினி வரைக்கும் போய்த்தான் எழுத்தாகித் திரும்பி வருகிறது. தோட்டத்துக்குள்ளே இருக்கும் என் தம்பி வீட்டில் அலைவரிசை ஒரு கோடுதான் காட்டும். அங்கே போனால் பழைய மாதிரி வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஐபோனில் 2022-இல் இதே மாதிரி ஒன்று வந்தது, ஆங்கிலத்தில்தான் தொடங்கினார்கள். அதைப் பற்றி அனுபவத்தில் சொல்ல என்னிடம் ஐபோன் இல்லை.

11 ஆகஸ்ட் 2024

தமிழ் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் ஊர்த் தமிழ்தான் இதற்குச் சோதனை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒட்டுக்கடையில் நான்கு பேர் உட்காருவோம், எல்லாரும் பழைய ஆலைக்காரர்கள். கைப்பேசியை ரொட்டி சானாய்த் தட்டுக்கும் கோப்பி ஓவுக்கும் (பால் விடாத காப்பி) நடுவில் சாய்த்து வைப்பேன். இன்றைக்கு ஒரு நண்பர் சொன்னது: "லோரி ரோசாக் ஆயிருச்சு அண்ணே, போமன்கிட்ட விட்டிருக்கேன், நாளைக்குத்தான் சியாப் ஆகும்." திரையில் வந்தது: "லாரி ரோஜா ஆயிடுச்சு அண்ணே பூமன் கிட்ட விட்டிருக்கேன் நாளைக்குத்தான் ஷாப் ஆகும்."

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: ரோசாக் என்றால் பழுது, போமன் என்றால் வண்டி பழுது பார்ப்பவர், சியாப் என்றால் தயார்.

இப்போது கவனியுங்கள். ரோஜா என்று படித்தேன், என்ன சொன்னார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லாரி ரோஜா ஆகாது, ரோசாக்தான் ஆகும். ஐந்து சொல் மாறியிருக்கிறது, ஒரு சொல்கூட எனக்கு நஷ்டம் இல்லை. நூறு சொல்லுக்கு எத்தனை தப்பு என்று எண்ணித்தான் இந்தச் செயலிகளைத் தரம் பிரிக்கிறார்கள். அந்தக் கணக்கில் இந்த வாக்கியம் படுதோல்வி. எனக்கு அது முழு வாக்கியம். நம் மொழியில் அந்தக் கணக்கு இன்னும் கடுமை, 'பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்' என்பதில் வால் ஒரு எழுத்து மாறினாலும் முழுச் சொல்லும் தப்பு என்று போய்விடும்.

செயலியின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் நாமே சில சொற்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஆட்களின் பெயர், தோட்டங்களின் பெயர், நம் ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். முன்பு 'டோவன்பி' தோட்டம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆள் பெயராக வரும். இப்போது பெரும்பாலும் சரியாக வருகிறது.

12 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மொழிப் பட்டியலில் தமிழ் நான்கு இடத்தில் இருக்கும்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா. மலேசியா என்று போட்டால் ரோசாக், சியாப் எல்லாம் வந்துவிடும் என்று முன்பு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. நேற்று மாலை அதே நண்பரை அதே வாக்கியத்தைச் சொல்லவைத்து, இந்தியா ஒரு தடவை, மலேசியா ஒரு தடவை மாற்றிப் பார்த்தேன். இரண்டிலும் லாரி ரோஜாதான். என்னிடம் கேட்டு அப்படி மாற்றியவர்கள் மன்னியுங்கள்.

இரண்டாவது மொழியாக மலாயைச் சேர்த்துக்கொண்டு ஒரு தட்டில் மாற்றலாம், வங்கியிலும் தபால் நிலையத்திலும் நன்றாக உதவும். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டும் கலந்தால் தடுமாறுகிறது. நாம் கலக்காமல் பேசுகிற வாக்கியம் எத்தனை?

2 செப்டம்பர் 2024

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் யாராவது நம்பிக் கெட்டுப்போவார்கள், எழுதிவிடுகிறேன்.

இருமலுக்காக ஒரு கிளினிக் போனேன், பெயர் வேண்டாம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் கண்ணாடி, கீழே கை நுழையும் ஓட்டை. உள்ளே தமிழ்ப் பெண், நல்ல பிள்ளை, பொறுமையாகத்தான் சொன்னாள். கைப்பேசியை ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்திருந்தேன். திரையில் வந்தது:

"அங்கிள் இருமல் மருந்து மூணு நாள் போதும் பிரஷர் மாத்திரை நிறுத்த கூட"

அதோடு நின்றது. நான் தலையாட்டினேன். 'நிறுத்தக்கூட செய்யலாம்' என்று எடுத்துக்கொண்டேன். இருமல் மருந்தோடு பிரஷர் மாத்திரை சேராது போல, மூன்று நாள் நிறுத்தச் சொல்கிறாள் என்று மனதுக்குள் காரணமும் கற்பித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மனைவி மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "என்னங்க, அட்டை அப்படியே இருக்கு?" என்றாள். நிறுத்தச் சொன்னார்கள் என்றேன். எங்கே, காட்டுங்க என்றாள். செயலி எழுதியதை மூன்று நாள் வரை வைத்திருக்கும்படி அமைத்திருந்ததால் அது இருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "கூடாதுன்னு சொல்லியிருக்கும்ங்க."

கூடாது. 'ஆது' என்று ஒரு துண்டு. அது விழுந்துவிட்டால் அர்த்தம் தலைகீழ்.

அன்றைக்கு அளந்து பார்த்தபோது அழுத்தம் ஏறியிருந்தது. பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, அதற்குள் பிடித்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து ஒன்றைக் கவனிக்கிறேன். தமிழில் இல்லை என்பது கடைசியில்தான் வரும். வரல, வேணாம், முடியாது, கூடாது, தெரியல. வாக்கியத்தின் வாலில், மூச்சு குறையும் இடத்தில், குரல் இறங்கும் இடத்தில். மலாயில் 'ஜாஙான்' என்று முதலிலேயே வந்து நின்றுவிடும். ஆங்கிலத்திலும் வினைக்கு முன்னால் வந்துவிடும். நாம் மட்டும் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் மெல்லிய குரலில் அதை மறுக்கிறோம். 'ரோசாக்' ரோஜாவாக வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். 'வரல' என்பது 'வர' என்று வந்தால், எதுவும் காணாமல் போனதாகவே தெரியாது. தப்பு என்று தெரியாத தப்புதான் ஆபத்து.

3 செப்டம்பர் 2024

நேற்றையதைப் படித்துவிட்டு மகள் கேட்டாள்: "அந்தப் பொண்ணு 'கூடாது' சொல்லும்போது எங்கப்பா பார்த்துச்சு?" யோசித்துப் பார்த்தேன். மருந்துப் பையை எடுக்கப் பின்னால் திரும்பினாள். ஆக, வால் செயலியில் விழவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் விழுந்தது. காது நன்றாக இருப்பவர்கூட அதைத் தவறவிட்டிருக்கலாம். நேற்று முழுப் பழியையும் தமிழ் வாக்கியத்தின் மேல் போட்டதில் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அதன் மேல் பாதிப் பழி இன்னும் நிற்கிறது.

"அப்படியென்றால் மருத்துவமனையில் இதைப் பயன்படுத்தவே கூடாது" என்கிறார் கூலிமிலிருந்து எழுதியவர். ஒத்துக்கொள்ள மாட்டேன். செயலி இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது, அப்போதும் தலையாட்டியிருப்பேன். காது கேளாதவர்கள் தலையாட்டுவது பழகிப்போன ஒன்று. இப்போது செய்வது வேறு: மருந்து விஷயத்தில் நான் படித்ததை வாய்விட்டுத் திருப்பிச் சொல்கிறேன். "பிரஷர் மாத்திரை நிறுத்தக் கூடாது, சரியா?" அவர்கள் தலையாட்டட்டும்.

29 செப்டம்பர் 2024

காது மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று மறுபடி ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் நாளே பதில் சொல்லியிருக்க வேண்டும்.

மெஷின் என்னிடம் இருக்கிறது, போடுகிறேன். அது சத்தத்தைக் கூட்டும். காதுக்குள் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் இடத்தில் மயிரிழை அணுக்கள் இருக்கின்றன, மனிதர்களுக்கு அவை ஒரு தடவை செத்தால் முளைப்பதில்லை. ஈப்போவில் எடுத்த என் செவிப் படத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலி இருக்கும் இடத்தில் கோடு கிணறு மாதிரி இறங்கியிருக்கும். ஆலைச் சத்தத்தால் கெட்ட காதுக்கு அதுதான் அடையாளம் என்று சொன்னார்கள். அந்தக் கிணற்றுக்குள்தான் ச, த, க எல்லாம் கிடக்கின்றன. மெஷின் போட்டால் கரண்டி தட்டில் விழுவது இடி மாதிரி கேட்கும், பேச்சு அதே பழைய கூழ்தான். எல்லாருக்கும் அப்படி இல்லை. சிலருக்கு மெஷினே போதும், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு மெஷின் யார் பேசுகிறார், கோபமா சிரிப்பா என்பதைத் தருகிறது. எழுத்து என்ன பேசுகிறார் என்பதைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு ஆள்.

பேச்சு ஆலைக்கு வந்துவிட்டதால் இன்னொன்றும். நான் வேலை செய்த காலத்தில் 1989 விதிகள். நாள் முழுக்க 90 டெசிபல் வரை விடலாம். 2019-இல் புது விதிகள் வந்தன, ஜூன் 1 முதல், அது 85. ஐந்துதானே என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்கு. 85-இல் எட்டு மணி நேரம் நிற்கலாம் என்றால் 88-இல் நான்கு, 91-இல் இரண்டு. எங்களுக்குக் காதில் வைக்கப் பஞ்சு மாதிரி ஒன்று கொடுத்தார்கள், கேட்டால்தான் கொடுப்பார்கள், கேட்கிறவனைக் கோழை என்பார்கள். நாங்களே ஒருவரை ஒருவர் அப்படிச் சொல்லிக்கொண்டோம். இப்போது ஆலையில் இருக்கும் தம்பிகள் யாராவது படித்தால்: வருடா வருடம் காதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், அந்தத் தாளை வாங்கி வீட்டில் வையுங்கள். சத்தத்தால் காது போவது சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சட்டத்தில் தொழில் நோய். என்னிடம் பழைய தாள் ஒன்றும் இல்லை.

1 அக்டோபர் 2024

சைகை மொழி கற்றுக்கொள்ளலாமே என்றவருக்கு: என் காது ஐம்பதுக்கு மேல் போனது, என் வீட்டில், ஒட்டுக்கடையில் யாருக்கும் சைகை தெரியாது. பிறவியிலேயே கேட்காதவர்களுக்கு மலேசிய சைகை மொழி சொந்த மொழி, அதற்குத் தனி இலக்கணம் உண்டு. திரையில் ஓடும் தமிழ் அவர்களுக்கு இன்னொரு மொழியின் எழுத்து. எனக்கு இது சரியாக இருப்பதால் அவர்களுக்கும் இதைக் கொடுத்துவிட்டு மொழிபெயர்ப்பாளரை நிறுத்திவிடலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

27 அக்டோபர் 2024

அக்கா மகன் மடிக்கணினியில் விஸ்பர் போட்டுக் காட்டினான். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது, 680,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது. கோயிலில் பதிவு செய்த சொற்பொழிவு ஒன்றைக் கொடுத்தான். அசந்துவிட்டேன். நிறுத்தற்குறியோடு, பத்தியாக, அழகாக எழுதியது.

சொற்பொழிவாளர் தண்ணீர் குடிக்க நிறுத்திய இடத்தில், யாருமே பேசாத அந்தச் சில விநாடியில், "பார்த்ததற்கு நன்றி" என்று எழுதியிருந்தது.

அவர் அப்படிச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. இணையத்துக் காணொளிகளைக் கேட்டுப் பழகியதால், அமைதி வந்தால் காணொளி முடிகிறது என்று நினைத்துக்கொள்கிறது போல என்கிறான் பையன். இந்த மாதம்தான் செய்தியிலும் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு ஒன்று அளவில், பேசாத வாக்கியங்களையே அது சேர்த்திருக்கிறதாம்.

செப்டம்பரில் நான் எழுதிய 'கூடாது' விஷயத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அது சொன்னதை விட்டது, இது சொல்லாததைச் சேர்க்கிறது. காது கேட்கிறவருக்கு இரண்டும் சின்னத் தொல்லை, கேட்டதை வைத்துத் திருத்திக்கொள்வார். என்னிடம் திருத்த வேறொன்றும் இல்லை, திரையில் வருவதுதான் எனக்கு நடந்தது. அதனால் எனக்கு அழகான வாக்கியம் வேண்டாம். தெரியாத இடத்தில் வெற்றிடம் விட்டால் போதும், நான் கேட்டுக்கொள்வேன்.

மேலும் விஸ்பர் 30 விநாடித் துண்டாக எடுத்து எழுதும். நேருக்கு நேர் பேச்சுக்கு அது சரிப்படாது. லைவ் டிரான்ஸ்கிரைப் ஒரு சொல்லை எழுதிவிட்டு, அடுத்த சொல் வந்ததும் முந்தியதைத் தானே அழித்துத் திருத்தும். பழகாதவர்களுக்குக் கண் வலிக்கும். எனக்கு அந்தத் தடுமாற்றம் பிடிக்கும், அது எங்கே நிச்சயமில்லாமல் இருக்கிறது என்று அதில் தெரிந்துவிடுகிறது.

2 நவம்பர் 2024

தீபாவளிக்குப் பதினொரு பேர் வீட்டில். தொலைக்காட்சியில் வானவில் அலைவரிசை ஓடுகிறது, வெளியே பிள்ளைகள் வெடி, உள்ளே எல்லாரும் ஒரே நேரத்தில். திரையில் மருமகன் தொடங்கிய வாக்கியத்தை என் தங்கை முடித்துக்கொண்டிருந்தாள். கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு முறுக்குத் தட்டோடு வாசலுக்குப் போகலாம் என்று எழுந்தேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் போவேன்.

பேரன், எட்டு வயது, மகள் வாங்கிக் கொடுத்திருந்த சட்டையில் மாட்டும் சின்ன மைக்கைப் பார்த்துவிட்டான். "தாத்தா, இது யார்கிட்ட இருக்கோ அவங்கதான் பேசணும்" என்று சட்டம் போட்டு, ஒவ்வொருவர் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தான். முதலில் எல்லாருக்கும் வெட்கம். அப்புறம் தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள். மைக்கைப் பிடித்தவர்கள், தங்கள் பேச்சு எழுத்தாக வருவதைப் பார்த்ததும் நிதானமாகப் பேசினார்கள். தப்பாக வந்தால் அவர்களே திரும்பச் சொன்னார்கள்.

மைக் மனைவி கைக்கு வந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவள் சொல்லும் ஒரு கதை உண்டு, எல்லாரும் அமைதியாகிவிடுவார்கள், கடைசியில் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். நானும் முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்வேன். இந்தத் தடவை படித்தேன்.

"அன்னைக்கு இவருக்கு நைட் ஷிப்டு புள்ளைக்கு காய்ச்சல் தூக்கி தூக்கி போடுது லாரி கிடைக்கல நானே தூக்கிட்டு இருட்டுல டவுன் வரைக்கும் நடந்தேன்"

'கிடைக்கல' முழுசாக வந்திருந்தது.

"டவுன் வரைக்குமா? தனியாவா?" என்று கேட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். மனைவி மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, "இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க" என்றாள். இல்லை என்றேன். மகளுக்குக் காய்ச்சல் வந்தது தெரியும், ஊசி போட்டது தெரியும். நடந்தது தெரியாது. செம்பனைக்கு நடுவில், அந்த மண்பாதையில், விளக்கு இல்லாமல்.

மீதியை அவள் மைக் இல்லாமல், எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

8 டிசம்பர் 2024

கோயில் ஆண்டுக் கூட்டம். மண்டபத்தில் எதிரொலி, ஒலிபெருக்கி, செயலி திணறும் என்று முன்பே தெரியும். அதனால் அண்ணன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். செல்லினத்தில் விரல் தெரியாமல் தட்டச்சுவாள். நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்த விசைப்பலகை அது. 1985-இல் அவர் தொடங்கிய முரசு மென்பொருள் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேர் தமிழில் தட்டச்சியிருக்க மாட்டோம்.

அமெரிக்காவில் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். 22 விசை உள்ள சின்ன மெஷின், பியானோ மாதிரி பல விசையைச் சேர்த்து அழுத்தினால் ஒரு அசை. நிமிடத்துக்கு 200 சொல்லுக்கு மேல் அடிப்பவர்கள் உண்டு. 1982-இல் ஆஸ்கர் விழாவையே அப்படி நேரடியாக எழுதிக் காட்டினார்கள்.

எங்கள் பெண் அந்த வேகத்துக்குப் போக முடியாது. ஆனால் செயலி தராத ஒன்றைத் தந்தாள்: யார் பேசுகிறார் என்று எழுதினாள். "பொருளாளர்:", "பின் வரிசைத் தாத்தா:", "எல்லாரும் சிரிக்கிறார்கள்". அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நானும் சேர்ந்து சிரித்தேன், சரியான நேரத்தில்.

நடுவில் இரண்டு பேர் எழுந்து நின்று கையை நீட்டிக் கத்தினார்கள். திரையில் வந்தது: "கணக்கு பற்றிக் கருத்து வேறுபாடு."

என்ன சொன்னார்கள் என்றேன். "வேணாம் சித்தப்பா, அசிங்கமா பேசுறாங்க" என்று எழுதினாள். அதையும் எழுது என்றேன். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த அசிங்கம் தெரியும், எனக்கு மட்டும் வடிகட்டியது வேண்டாம். அவள் முகம் சிவக்க, ஒரு சொல் விடாமல் தட்டினாள்.

9 டிசம்பர் 2024

அண்ணன் மகள் இதைப் படித்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் தன் விரலெல்லாம் மரத்துவிட்டது என்பதையும் எழுதச் சொல்கிறாள். நியாயம். அந்தத் தொழில் செய்கிறவர்கள்கூட நீண்ட கூட்டத்துக்கு இரண்டு பேராக மாற்றி மாற்றித்தான் உட்காருவார்கள். அவளைத் தனியாக இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தது என் தவறு. அடுத்த முறை அவள் தோழியையும் கூப்பிடுகிறேன்.

12 பிப்ரவரி 2025

நேற்று தைப்பூசம். ஈப்போ கல்லுமலைக்குப் போனோம். உருமி அடிக்கிற இடத்தில் கைப்பேசியைத் திறந்து பார்த்தேன், ஒரு எழுத்தும் இல்லை. மூடிவிட்டேன். உருமி எனக்கு நெஞ்சுக்கூட்டில் கேட்கிறது, சின்ன வயதில் தோட்டத்துத் திருவிழாவில் கேட்ட அதே மாதிரி, ஒரு அடி குறையாமல்.

திரும்பும்போது ரயில் நிலையத்தில் அறிவிப்பு. செயலிக்கு அதுவும் பிடிபடவில்லை. எல்லாரும் எழுந்து அடுத்த மேடைக்கு ஓடுவதைப் பார்த்து ஓடினோம். அறிவிப்பைப் பலகையிலும் எழுத்தாகப் போட்டால் செயலியே வேண்டாம். போடச் சொல்லி எழுதப் போகிறேன்.

2 மார்ச் 2025

மேலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். ஏழு மாதமாக மைக், தூரம், விசிறி, வால் என்று எழுதியிருக்கிறேன். முதலில் கேட்டவரிடம் கேட்க வேண்டிய ஒன்றை நான் கேட்கவே இல்லை.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?

என் அம்மாவுக்குத் தெரியாது. ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எண்ணும் இடம்) போகிற வீட்டில் மூத்த பெண், தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொண்டவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி லயத்திலிருந்து பார்த்தால் தெரியும், அவர் உள்ளே போனதில்லை. சம்பளச் சீட்டில் கைநாட்டு. அம்மா இன்று இருந்து, காதும் போயிருந்தால், இந்தக் கைப்பேசி அவருக்கு வெறும் வெளிச்சம். 'கோயில் பழம்' என்று வந்ததைப் பார்த்து உங்கள் அம்மா சிரித்தார் என்று எழுதியிருந்தீர்கள். அது படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பா? என் முகத்தை நான் தீபாவளிக்கு வைத்துக்கொள்வேனே, அந்தச் சிரிப்பா?

6 மார்ச் 2025

பதில் வந்திருக்கிறது. இரண்டாம் வகுப்பு வரை போயிருக்கிறார். கோயில் பலகை, பேருந்துப் பலகை எல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பாராம். கைப்பேசியைக் காட்டியபோது முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அது மேலே ஓடிவிட்டது. மகனிடம் சொல்ல வெட்கப்பட்டு எழுந்து போயிருக்கிறார்.

அப்படியென்றால் வழி இருக்கிறது. அமைப்பில் எழுத்தளவை இருப்பதிலேயே பெரியதாக்குங்கள், திரையில் நான்கைந்து சொல்தான் தெரியும், பரவாயில்லை. எதிரில் உட்காருங்கள், வாசலிலிருந்து பேசாதீர்கள். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் கூட்டிப் படிக்கும்போது உதடு அசையும், அது நிற்கும் வரை நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், உதவி செய்வதாக நினைத்துப் படித்தும் காட்ட வேண்டாம். கொய்யாப்பழம் வாங்கவா என்று கேட்டால் தலையாட்டிவிடுவார். அவர் மட்டும் பதில் சொல்லக்கூடியதாக ஏதாவது கேளுங்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவருக்கு வாத்தியார் யார் என்று கேளுங்கள்.